பாக எண் சான்றிதழ்

எங்கள் கல்லூரியில் பதினோரு வருடமாகத் தற்காலிகமாகவே கணக்கு நடத்திவந்த பேராசிரியைக்கு ஒரு நாள் நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. அவர் கண்டுபிடித்த நாற்பத்தொரு இலக்க எண் பகா எண்தான் என்று எண்கள் சான்றளிப்பு அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தர வேண்டும். தவறினால் வேலை அடுத்தவருக்கு. நியாயமான நிபந்தனைதான்.

திங்கட்கிழமை காலை அலுவலகக் கண்காணிப்பாளர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"பாகங்கள்னு போட்ட கட்டம் காலியா இருக்கே மேடம்?"

"இதுக்குப் பாகமே கிடையாது சார். ஒண்ணாலயும் அதே எண்ணாலயும் மட்டும்தான் மீதியில்லாம வகுபடும்."

"ஒண்ணு எல்லார் விண்ணப்பத்துலயும் வருது, அது செல்லாது. தனக்குத்தானே சாட்சி சொல்றதும் செல்லாது. வேற ரெண்டு பேரைச் சொல்லுங்க."

பேராசிரியை அப்போதுதான் படிவத்தின் தலைப்பைப் பார்த்தார். 'பாக எண் சான்றிதழ்' என்றிருந்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே தட்டச்சு செய்தவர் பாவம், ஒரே ஒரு துணைக்காலைத்தான் கெடுத்திருந்தார்.

"சார், இது 'பகா'. கால் இடம் மாறி விழுந்திருக்கு."

"ஆணையில கால் எங்க நிக்குதோ அங்கதான் மேடம் நிக்கும். நகர்த்தணும்னா மேலிடத்துக்கு எழுதணும். ஒரு வருஷம் ஆகும்."

இருந்தாலும் அலுவலகம் கைவிடவில்லை. பாகங்களைக் கண்டறிய மூவர் குழு அமைத்தது. குழு மூன்று நாள் விடாமல் வகுத்து, 'எதனால் வகுத்தாலும் மீதி வருகிறது' என்று அறிக்கை கொடுத்தது. வியாழன் மாலை பேராசிரியைக்கு ஒரு குறிப்பாணை வந்தது: 'மேற்படி மீதிகளைத் தாங்கள் இதுநாள்வரை ஒப்படைக்காதது ஏன்?'

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவர் கண்காணிப்பாளர் முன்னால் அழாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வருஷம் உயிரைக் கொடுத்து நிரூபிச்சேன் சார்."

கண்காணிப்பாளருக்கு மனசு இளகிவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியில ஏழுன்னு இருக்குல்ல, அதை எட்டாக்கிடுங்க. ரெண்டால வகுபடும், கட்டமும் நிறைஞ்சிடும்."

"அப்புறம் அது பகா எண்ணே இல்ல சார்."

"மீதி நாப்பது இலக்கம் அப்படியேதானே இருக்கு? ஒண்ணே ஒண்ணுக்காகப் பதினோரு வருஷத்தைத் தொலைக்கப் போறீங்களா?"

பேராசிரியைக்கு வந்த ஆத்திரத்துக்குப் படிவத்தைக் கிழித்திருக்க வேண்டும். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்தார். ஏழு எட்டானது. நாலே முக்காலுக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது, வேலையும் நிரந்தரமானது. பாராட்டு விழா அழைப்பிதழில் அந்த எண்ணைத் தங்க எழுத்தில் அச்சிட்டார்கள். கணிதத் துறை மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.

அந்த வருடத் தேர்வில் கடைசிக் கேள்வியாக அதே எண்ணை அச்சிட்டு, கீழே கேட்டிருந்தார்கள்: 'மேற்கண்ட எண் பகா எண் என நிறுவுக.' பத்து மதிப்பெண்.

அது இரட்டைப்படை எண் என்று எங்கள் வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் நிறுவினோம். நான் கூடுதல் தாள் வாங்கி நிறுவினேன். விடைத்தாள் திருத்தியவர் பேராசிரியைதான். யாருக்கும் அரை மதிப்பெண்கூடக் குறையவில்லை.