நோடை நோண்டிய கதை

உயிரே போனாலும் பரண் ஏறிச் சுத்தம் செய்வதில்லை என்பது நம்மாளின் கொள்கை. அந்தக் கொள்கைக்காக முதுகுவலி, கழுத்துப்பிடிப்பு, தலைசுற்றல் எல்லாம் முறைவைத்து வந்து போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவள் கணக்கு டீச்சர். வகுப்புப் பிள்ளைகளுக்காக விளையாட்டுப் பக்கங்கள் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். திரையில் மூடிய பெட்டிகள் இரண்டு.

“ஏங்க, ஒண்ணுல ‘பரண்’, இன்னொண்ணுல ‘ஓய்வு’. நீங்க தொடுறது உங்களுக்கு, மத்தது எனக்கு. சம்மதமா?”

“நீ செஞ்ச பக்கமா? தாராளமா!”

“அடுப்புல பால் இருக்கு. நான் வர்றவரைக்கும் தொட்டுடாதீங்க.”

நம்மாளுக்குப் பிழைப்பே வலைப்பக்கம் செய்வதுதான். வலைப்பக்கத்தில் உள்ள பெட்டி, எழுத்து என்று ஒவ்வொரு துண்டுக்கும் அவர்கள் தொழிலில் ‘நோடு’ என்று பெயர். பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்டில் ஒரு வரிக் கட்டளை எழுதிக் கேட்டால் போதும், மூடிய பெட்டியும் உள்ளே இருக்கும் எழுத்தை ஒப்பித்துவிடும். பால் பொங்குவதற்குள் நோண்டினார். முதல் பெட்டி பரண். இரண்டாவது ஓய்வு. தடயத்தை அழித்துவிட்டு, விட்டத்தைப் பார்த்துச் சீட்டியடித்தார்.

மனைவி வந்தாள். நம்மாள் கண்ணை மூடினார். பெருமூச்சு விட்டார். நாடக மேடையில்கூட அப்படி ஒரு நடிப்பைப் பார்த்திருக்க முடியாது.

“எல்லாம் தலையெழுத்து!” என்று இரண்டாவதைத் தொட்டார்.

பெட்டி திறந்தது. ‘பரண்.’

“அநியாயம்! இதுல ஓய்வுன்னுதானே இருந்துச்சு!”

“மூடின பெட்டிக்குள்ள இருந்தது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

நம்மாள் சட்டென்று லேப்டாப்பை மூடினார்.

“இல்ல… ஒரு யூகம்…”

“நோடுன்னு இருந்தா நோண்டாம விடுவீங்களா? அதான் உள்ள மாத்தி எழுதி வெச்சேன். தொட்டதும் எழுத்து இடம் மாறிடும்.”

“அப்ப நோண்டாம இருந்திருந்தா?”

“பாதிக்குப் பாதி தப்பிச்சிருக்கலாம். நோண்டி, மாட்டிக்கிறத நீங்களா முழுசாக்கிக்கிட்டீங்க.”

“இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?”

“நீங்கதான். ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு போன்ல பாடம் எடுக்கறீங்களே, தெருவுக்கே கேக்குது.”

கோபம் வரவேண்டிய இடம். வந்ததோ சிரிப்பு. தன் பாடம் ஒருத்தருக்காவது மண்டையில் ஏறியிருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையும் கூடவே வந்தது. ஆனாலும் கடைசி அஸ்திரம் ஒன்று கைவசம் இருந்தது.

“சரி, தோத்துட்டேன். ஆனா நம்ம வீட்டுல ஏணி இல்லையே, நான் என்ன பண்ண?”

மனைவி உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டாள். பரணுக்குக் கீழே அடுத்த வீட்டு ஏணி சாத்தியிருந்தது. அதன் முதல் படியில் அவருடைய பழைய சட்டை, இஸ்திரி போட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.