பண்டாரி மெஸ்ஸில் இட்லி கிடையாது

தூத்துக்குடியில் தரை ஆடாமல் நிற்கிறது என்பதை இன்றுவரை நம்பாத ஒரே மனிதர் பண்டாரிதான். என்றைக்காவது அந்த ஊரில் பூமி அதிர்ந்தால் எல்லோரும் தெருவுக்கு ஓடுவார்கள். அவர் மட்டும் கரண்டியோடு நின்றுகொண்டு, "நான் சொன்னப்ப கேட்டியளாலே?" என்பார்.

பண்டாரி என்றால் தோணியில் சமைப்பவர். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவென்று அவர் மெஸ்ஸில் சாப்பிடுகிற யாருக்கும் தெரியாது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில் பாதி ஆயுளை அடுப்போடு கழித்துவிட்டு, ஹார்பருக்குப் போகிற சாலையில் ஒரு மெஸ் போட்டு உட்கார்ந்தார். கரையேறியது உடம்பு மட்டும்தான்.

மெஸ்ஸின் வாசல் பக்கத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் அணியம், அதாவது தோணியின் முன்முனை. பின்பக்கம் அமரம். சமையலறை குசினி. குசினியில் அண்டா, சட்டி எல்லாவற்றையும் சுவரில் ஆணியடித்துக் கயிற்றால் கட்டிவைத்திருப்பார். டம்ளரில் பாதிக்கு மேல் டீ ஊற்றமாட்டார். முழுசாக ஊற்றினால் ஆட்டத்தில் சிந்துமாம். மீதிப் பாதியை இரண்டாவது நடையாகக் கொண்டுவந்து ஊற்றுவார். அதற்குள் முதல் பாதி ஆறிப்போயிருக்கும்.

ஒரு பக்கத்து பெஞ்சில் ஆள் கூடிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. "ஏலே, ரெண்டு பேரு அங்கன மாறி உக்காருங்க. ஒரேயடியா சாயுது பாருங்க" என்று வெளியே வருவார். கான்கிரீட் கட்டடம். இருந்தாலும் இரண்டு பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போயே ஆகவேண்டும். நானும் போயிருக்கிறேன். போய் உட்கார்ந்த பிறகு சாய்வு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது பசியால். என் அப்பாவுக்கு எட்டயபுரத்தில் மிளகாய் வத்தல் வியாபாரம். எங்கள் குடும்பத்தில் கப்பலைப் பக்கத்தில் போய்ப் பார்த்த முதல் ஆள் நான்தான். ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்து, பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அப்பாவுக்கு அதில் பெருமை பாதி, பயம் பாதி. எந்த நேரமும் பயம் ஜெயித்துவிடலாம் என்ற நிலையில்தான் என் உத்தியோகம் ஓடிக்கொண்டிருந்தது.

வந்த கொஞ்ச நாளிலேயே உடம்பெல்லாம் அரிப்பு. வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். டாக்டர் பரிசோதித்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஈஸ்ட் கூடாது என்றார். புளிக்கவைத்த மாவு கூடாது. சீனியும் கூடாது.

இதை அவர் எந்த ஊரில் உட்கார்ந்து சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். முத்தெடுத்த ஊர் என்று பெயர். முத்தெடுத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. தெருவுக்குத் தெரு பேக்கரியைத்தான் பார்த்தேன். விடிந்தால் ஊரே பன் வாசத்தில்தான் கண் விழிக்கும். விடுதியிலோ இட்லி, தோசை, மறுபடியும் இட்லி, நடுவில் ஒரு நாள் பிரெட், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் ஆப்பம். பழைய சோறு தின்னலாமா என்றால் அதுவும் ராத்திரி முழுக்க ஊறிப் புளித்தது. "பரோட்டாவில் ஈஸ்ட் இல்லையே டாக்டர்?" என்று வாதாடிப் பார்த்தேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

காலையில் வெள்ளரிக்காயும் அவித்த முட்டையுமாக ஒரு வாரம் ஓட்டினேன். ஒருநாள் ஹார்பர் கேட்டில் பாஸைக் காட்டக் கையை நீட்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் வந்தபோது செக்யூரிட்டியின் நாற்காலியில் கிடந்தேன். யாரோ நல்லெண்ணத்தில் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

அப்பா நிறையப் பேசுகிறவர் இல்லை. "அடுத்த மாசம் வந்து பாப்பேன். உடம்பு இப்படியே இருந்துச்சுன்னா பெட்டியைக் கட்டிக் கூட்டிக்கிட்டு வந்துருவேன்" என்றார். பெட்டியைக் கட்டினால் அதன்பின் மாப்பிள்ளைதான், கப்பல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஆபீஸ் கிளார்க் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பண்டாரி மெஸ்ஸுக்குப் போகிறவர். "அங்கன போய்க் கேட்டுப் பாரும்மா. மனுசன் ஒரு மாதிரி. ஆனா வயித்தைக் காயவிடமாட்டாரு" என்றார். அன்று சாயங்காலமே போய் நின்றேன்.

"அண்ணாச்சி, காலையில புளிக்காத பலகாரம் ஏதாவது கிடைக்குமா? எனக்கு ஈஸ்ட் ஆகாதாம்."

"ஈஸ்ட்டுன்னா என்னளா?"

"மாவைப் பொங்க வைக்கிற ஒரு சின்ன உயிர் அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாது."

கரண்டியைக் கீழே வைத்தார். "உசிருள்ளதா? மாவுக்குள்ளயா?"

"ஆமா."

"அப்ப வெள்ளிக்கிழமை இட்லி தின்னா சுத்தபோசனம் முறிஞ்சுபோகுமே."

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைக் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். அதற்குத்தான் சுத்தபோசனம் என்று பெயர். பண்டாரி விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரை வழிமறித்து இதைக் கேட்டிருக்கிறார். ஒரு இட்லிக்குள் எத்தனை உசிர் சாகுது, ஊரில் இத்தனை வருஷமாகத் தின்ற இட்லிக்கெல்லாம் சேர்த்துப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டுமா என்று. சாமியார் அங்கியைக்கூடக் கழற்றவில்லையாம். "மீனே திங்கலாம்னு இருக்கு. இட்லிய ஏன்யா இழுக்குத?" என்றாராம். பண்டாரிக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. "சாமிக்கு அவசரம். காப்பி ஆறுது" என்று என்னிடம் சொன்னார்.

அந்த முதல் சாயங்காலம் அவர் என்னை உட்காரவைத்து ஒரு கதை சொன்னார். "தோணியில இட்லியா? சொல்லுதேன் கேளு. ஒரு தடவை ஆசைப்பட்டு மாவு கரைச்சு வச்சேன். கடல் ஒரு பக்கம் பொங்குது, மாவு ஒரு பக்கம் பொங்குது. வழிஞ்ச மாவு அப்படியே போயி, படுத்துக்கிடந்த தண்டலுக்கு முதுகுக்கடியில தேங்கிட்டு. தோணிக்கே தலைவன். விடியக்காலைல பாயோட எந்திரிச்சு வாரான். அன்னைக்கே கும்பிடு போட்டுட்டேன். எங்கிட்ட இட்லிங்கிற பேச்சே கிடையாது."

அவர் இதைச் சொல்லும்போது மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஹார்பர் சுமைக்காரர் ஒருவருக்குப் புரை ஏறியது. டீ சூடு என்று நினைத்தேன். பாதி டம்ளர் டீ எப்படிச் சூடாக இருக்கும் என்று யோசித்திருக்கலாம்.

மறுநாள் காலையிலிருந்து நான் அங்கே ஆஜர். என்ன பலகாரம் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். பண்டாரி சாலையில் வந்து நின்று மூக்கைத் தூக்குவார். மேற்கேயிருந்து கச்சான் அடித்தால் புட்டு. கிழக்கேயிருந்து கொண்டல் வந்தால் இடியாப்பம். காற்றே இல்லையென்றால் கொழுக்கட்டை. ஏன் என்று கேட்டேன். "கச்சானுக்கு மாவு உதிரும், கொண்டலுக்கு இழுபடும்" என்றார். இது உண்மையா என்று எனக்குத் தெரியாது. புட்டு உதிர்ந்தது, இடியாப்பம் இழுபட்டது.

ஆனால் கை இருக்கிறதே, அதற்குக் கோயில் கட்டலாம். கம்பு மாவில் புட்டு அவித்து, சீனிக்குப் பதில் அவித்த பாசிப்பயறைத் தேங்காய்ப்பூவோடு புரட்டிப் போடுவார். கொழுக்கட்டைக்குள் வெங்காயமும் கடலைப்பருப்பும் தாளித்து வைப்பார். ஒன்று தின்றால் போதும், பத்து மணிக்கு வேலைக்காக நான் ஏறவேண்டிய கப்பல் ஏணி எல்லாம் ஒரு ஏணியா என்று தோன்றும். பருப்பை விடியற்காலை ஊறப்போட்டு, அரைத்த கையோடு முருங்கைக்கீரை கிள்ளிப்போட்டு அடை சுடுவார். மாவைப் பத்து நிமிஷம் சும்மா வைக்கமாட்டார். "வச்சா உன் ஆளு உள்ள புகுந்துருவான்" என்பார். உன் ஆள் என்றது ஈஸ்ட்டை.

எல்லாவற்றுக்கும் மேலே மாசிச் சம்பல். மாசி என்பது மாலத்தீவிலிருந்து வரும் சூரைக் கருவாடு. கட்டை மாதிரி இருக்கும். அதை உரலில் இடித்து, தேங்காய், சின்ன வெங்காயம், வத்தல் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்து இடியாப்பத்தின் மேல் வைப்பார். முதல் நாள் அதைத் தின்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வத்தல் எங்கள் ஊர் வத்தலாக இருந்திருக்கும்.

ஒருநாள் ஆபீஸ் போகும் வழியில் ஆசை மீறிவிட்டது. பேக்கரியில் நுழைந்து ஒரே ஒரு பன் கேட்டேன். கடை அண்ணாச்சி என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு பன் கிடையாதும்மா."

"ஏன் அண்ணாச்சி?"

போனைத் திருப்பிக் காட்டினார். நான் இரண்டு கன்னத்திலும் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டிருக்கும் போட்டோ. பண்டாரி அதை எப்போது எடுத்தாரோ, அந்தச் சாலையில் இருக்கிற பேக்கரி, டீக்கடை எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே அவர் குரல்: "இந்தப் பிள்ளைக்கு பன், ரஸ்க், பிரெட்டு எதுவும் கொடுக்கக்கூடாது. கொடுத்தா நான் வந்து கேப்பேன்."

"மக்ரூனாவது கொடுங்க. அதுல ஈஸ்ட்டே கிடையாது."

"சீனி இருக்குல்லா? அதையும் சொல்லியிருக்காரு" என்றார் கடைக்காரர். எனக்குக் கோபம் வந்தது. ஊரில் ஒரு தேடப்படும் குற்றவாளிக்குக்கூட பன் கிடைக்கும்.

அப்பா சொன்னபடியே ஒரு காலையில் வந்து இறங்கினார். கையில் காலிப் பெட்டி. முகத்தைப் பார்த்தால் முடிவெடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார் என்று தெரிந்தது. எனக்கு அரிப்பு குறைந்திருந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. அவர் அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "சாப்பிட்டுட்டுக் கிளம்புவோம்" என்றார். வேறு எங்கே கூட்டிப்போவது? பண்டாரி மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, குசினியைப் பார்த்து, "ஆறு இட்லி" என்றார்.

பெஞ்சுகளில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் பெஞ்சில் இருந்தவர் அந்தப் புரை ஏறிய சுமைக்காரர். அவர் அப்பா பக்கம் குனிந்தார்.

"பெரியவரே, மெதுவா சொல்லுங்க. நாங்களே எத்தனையோ நாளா அந்தப் பேரைச் சொல்லாம இருக்கோம்."

"ஏன், இங்க இட்லி போடுறதில்லையா?"

"போடாம என்ன? இந்தச் சாலையில இட்லின்னா பண்டாரி மெஸ்தான். விடியுமுன்ன வந்தாத்தான் கிடைக்கும். ஒரு பிள்ளைக்குப் புளிச்ச மாவு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். இட்லி மாவு பட்ட கரண்டி மாறிரும், கை மாறிரும்னு இட்லிக் கொப்பரையைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாரு. கேட்டா, தோணியில ஒருத்தனுக்குப் பத்தியம்னா தோணிக்கே பத்தியம்ங்காரு."

"யாரு அந்தப் பிள்ளை?"

அவர் தாடையால் என்னைக் காட்டினார். "உங்க பக்கத்துல இருக்குல்லா, அதுதான்."

அதுவரை அந்த மெஸ்ஸில் இட்லி என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. மூட்டை சுமக்கிற அத்தனை பேரும் தினமும் என்னைப் பார்த்துக்கொண்டே என் பத்தியத்தைத் தின்றிருக்கிறார்கள். ஒருத்தர்கூட முகம் சுளித்ததில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர், "புட்டும் நல்லாத்தாம்யா இருக்கு" என்றார், எனக்குச் சமாதானமாக.

பண்டாரி இடியாப்பத்தோடு வந்தார். நடந்தது எதுவும் காதில் விழாத மாதிரி, "பெரியவரு கொஞ்சம் நடுவுல தள்ளி உக்காரணும். பாரம் ஒரு பக்கமா நிக்கி" என்றார். வத்தல் மண்டியில் ஒருத்தர் சொல்லுக்கும் அசையாத என் அப்பா, மறுபேச்சில்லாமல் நடுவில் தள்ளி உட்கார்ந்தார்.

இரண்டு தடவை இடியாப்பம் வாங்கினார். சம்பலைக் கையால் வழித்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து பண்டாரிக்கு எதிரே நின்றார். "சம்பலுக்கு எங்க ஊரு வத்தல் அனுப்புதேன்" என்றார்.

"காரம் இருக்குமா?"

"இருக்கும்."

"அனுப்புங்க" என்ற பண்டாரி, அப்பாவின் பெட்டியைத் திறந்து பார்த்தார். காலியாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. காலிப் பெட்டி காற்றுக்கு நிற்காதாம். உள்ளே மாசித் துண்டுகளையும் வறுத்த புட்டு மாவையும் என் அம்மாவுக்கென்று அடைத்தார். என் துணிமணிக்காக வந்த பெட்டி அது. அதன் மாசி வாடை இன்றும் போகவில்லை என்று அம்மா சொல்கிறாள்.

பஸ் ஏறும்போது அப்பா ஜன்னல் வழியாக, "டாக்டர் சொன்னதை ஒழுங்கா முடி. லீவுக்கு வா" என்றார். லீவுக்கு வா என்றால் மற்ற நாளெல்லாம் இங்கேயே இரு என்றுதானே அர்த்தம். பஸ் திரும்பும்வரை நின்றுவிட்டு, அங்கேயே அழுதேன்.

மெஸ்ஸுக்குத் திரும்பினேன். பண்டாரி சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லல?"

அவர் அடுத்த சட்டியை எடுத்தார். "சொன்னா நீ சங்கடப்பட்டு வேற கடைக்குப் போயிருப்ப. அங்கன உனக்கு என்ன இருக்கு?"

போயிருப்பேன்தான். ஒவ்வொரு கடையாகப் போய், ஒன்றும் தின்னக் கிடைக்காமல், கடைசியில் எட்டயபுரம் பஸ்ஸில் ஏறியிருப்பேன். இன்றைக்கும் அதே ஹார்பரில்தான் வேலை பார்க்கிறேன். சம்பளம் கம்பெனி கொடுக்கிறது. இந்த ஊரில் என்னை இருக்கவைத்தவர் பண்டாரி.