போன தடவை யானை பார்த்தவர்

புலியும் கரடியும் காட்டுக்குள்ளேதான் இருக்கின்றன. ‘போன தடவை பார்த்தவர்’ என்கிற இனம் மட்டும் நம்மோடு பஸ் ஏறியே வரும். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள்.

பண்ணைப்புரத்துக் கோட்டைச்சாமி அந்த இனத்தில் நல்ல வளர்த்தி. தேக்கடிப் படகில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும், முன்வரிசையில் எல்லாரையும் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து, போன தடவை யானை நின்ற இடம், அது தண்ணீர் குடித்த தோரணை, தன்னை மட்டும் உற்றுப் பார்த்தது, பக்கத்தில் இருந்தவர் மயங்கி விழுந்தது என்று தொடங்கினாரானால், கரையில் நிற்கும் மிளா மான் காதை விடைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடும். அதுவும் எத்தனை தடவைதான் கேட்கும்?

அவர் மனைவி பவுனுக்கு ஒரே ஆசை. சங்கிலி இல்லாத பிள்ளையாரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். வருடாவருடம் வந்து அவள் பார்த்ததெல்லாம் தண்ணீரில் நிற்கும் பட்டமரமும் புருஷன் வாயும்தான்.

இந்தத் தடவை, குச்சனூர்க் கோயில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் இதே கதையைச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. சனீஸ்வரர் கருணை என்று பவுனு நினைத்துக்கொண்டாள். அப்படியும் விட்டாரா? படகில் ஏறியதும் வழக்கம்போல எல்லாரையும் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

“ஏங்க, சித்த பேசாம வாங்களேன். சத்தங் கேட்டா யானைச்சாமி வரமாட்டாக.”

“எனக்கா சொல்லித் தர்ற? போன தடவை இங்கனதான்…”

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் புதர் விலகியது. தாய் யானை. காலடியில் குட்டி. படகோட்டி எஞ்சினை அணைத்தார்.

பவுனு வாயைத் திறந்தாள். சொன்னால் மனிதர் திரும்புவார். திரும்பினால் கட்டின தொண்டையிலும் ஒரு கூப்பாடு போடுவார். பிள்ளையோடு வந்தவள் நிற்பாளா? வாயை மூடிக்கொண்டாள். கை கூப்பினாள். கண்ணீர் வழிய, கைகளை மாற்றி நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டாள். பின்வரிசையில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கோட்டைச்சாமி குளிர்ந்துபோனார். அவர் பேச்சை இப்படி யார் கேட்டிருக்கிறார்கள்? உருகிப்போய்க் குரலை இன்னும் தாழ்த்தினார். குட்டி நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

கரையில் இறங்கியதும், “இந்தத் தடவையும் ஒண்ணும் வரல. ஆனா நான் பேசுனதுக்குப் படகே கும்பிட்டுச்சு. பாத்தியா?” என்றார்.

“பாத்தேங்க,” என்றாள் பவுனு. “கண்ணு நெறையப் பாத்தேன்.”

ஆகவே, நீங்கள் பேசும்போது எதிரே இருப்பவர்கள் கண் கலங்கிக் கை கூப்பினால், உடனே குளிர்ந்துவிடாதீர்கள். ஒரு தடவை பின்னால் திரும்பிப் பாருங்கள். மெதுவாகத் திரும்புங்கள். குட்டி இன்னும் குடித்து முடித்திருக்காது.