உட்கார வந்த அல்லா பிச்சை

இனிமேல் அல்லா பிச்சையின் செருப்புச் சத்தம் இந்த வாசலில் கேட்கவே கூடாது. பீர் மைதீன் அன்று காலையில் எடுத்த முடிவு அது. லேசுப்பட்ட முடிவா? ராஜபாளையத்தில் தன் கிட்டங்கியில் கிடந்த அத்தனை பஞ்சு மூட்டையையும் சாட்சி வைத்து எடுத்த முடிவு. எடுத்த கையோடு மாடிக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்துவிட்டார். பெரிய முடிவு எடுத்தால் மனுஷனுக்கு அலுப்பு வராதா?

அல்லா பிச்சை யாரென்று சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் சந்தனம் பிள்ளை என்று ஒருத்தர் லேவாதேவிக் கடை வைத்திருந்தார். பஞ்சு வியாபாரிகள் பணத்தை அவரிடம் போட்டு வைப்பார்கள். தேவைப்படும்போது ஒரு சீட்டில் தொகையை எழுதி, முத்திரை மோதிரத்தை மையில் தொட்டுக் குத்திக் கொடுத்தால் போதும். சீட்டைக் கொண்டுபோகிறவன் கைக்குப் பணம் வந்துவிடும். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் வரும்! இல்லையென்ற சொல்லே பிள்ளை வாயில் கிடையாது. சிரித்துக்கொண்டே எண்ணிக் கொடுப்பார். அப்புறம், குறை விழுந்த தொகைக்கு வட்டி போடுவார். அதையும் சிரித்துக்கொண்டேதான் போடுவார்.

முதல் தடவை குறை விழுந்தபோது பீர் மைதீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றார்.

“பிள்ளைவாள், வட்டி எங்க மார்க்கத்துல ஆகாது. வாங்கினாலும் பாவம், குடுத்தாலும் பாவம்.”

“அதனாலென்ன பாய்? வட்டி வேண்டாம். குறை விழுந்தா நம்ம ஆளு ஒருத்தன் வருவான். குறை தீருற மட்டும் ஒங்க எடத்துல உக்காந்திருப்பான். சோறு மட்டும் போடுங்க.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான். ஆனா அவன வேல வாங்கப்படாது. ஒரு துரும்பக் கிள்ளிப் போட்டாலும் அவன் ஒங்க ஆளாயிருவான். பொறவு எனக்கு ஆகமாட்டான்.”

பிள்ளையையே மடக்கிவிட்டோம் என்று பீர் மைதீன் ஊர் வந்து சேருகிற வரைக்கும் வண்டியில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தார். வண்டிக்காரன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

பாய் வீட்டுக்குப் பாய்தான் போகவேண்டும் என்று பிள்ளை பார்த்துப் பொறுக்கி அனுப்பிய ஆள்தான் அல்லா பிச்சை. கூமாப்பட்டிக்காரர். ஆள் வைக்கோல் போர் மாதிரி இருப்பார். ஒரு கடுஞ்சொல் அந்த வாயிலிருந்து வராது. ஆனால் அந்த வாய்க்குள் என்னென்ன போகும் என்பதை பீர் மைதீனின் மனைவி ஹபீபுன்னிசாவைத்தான் கேட்க வேண்டும். இடியாப்பத்தை அவர் எண்ணிச் சாப்பிடுகிற ஜாதி இல்லை. முற்றத்தில் பாயை விரிப்பார், உட்காருவார், சாப்பிடுவார், ஏப்பம் விடுவார், “அல்ஹம்துலில்லாஹ்” என்பார். கண்ணெதிரே வாளி உருண்டாலும் நிமிர்த்த மாட்டார். வேலை போய்விடுமே!

“மச்சான், வட்டி வேண்டாம்னீக. இப்ப சோறு வட்டில் வட்டிலா போகுதே!” என்றாள் ஹபீபுன்னிசா.

குறை ஏன் விழுந்துகொண்டே இருந்தது? அதற்குக் காரணம் மாடி ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் மேற்கே மலை தெரியும். மலை தெரிந்தால் பீர் மைதீனுக்கு அதன் அடிவாரத்துச் செண்பகத்தோப்பு தெரியும். செண்பகத்தோப்பு தெரிந்தால் அங்கே விலைக்கு வரும் ஒரு மாந்தோப்பு தெரியும். தோப்புக்கு ஓரமாய் ஓடை. கொப்பெல்லாம் தரையைத் தொடுகிற மரங்கள். நடுவில் பெரிய மரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் அவர். வேறொன்றும் வேண்டாம். கணக்கு வேண்டாம், கிட்டங்கி வேண்டாம். இலை அசைவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் போதும். மேகம் மலையில் இறங்கும், ஏறும். அவர் இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். நினைக்க நினைக்க அவருக்குத் தொண்டையெல்லாம் இனிக்கும். கீழேயிருந்து ஹபீபுன்னிசா கூப்பிடுவது மூன்றாவது தடவைதான் காதில் விழும்.

அந்த ஆசையைத் தரகர் தவசிமுத்து நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். தேவதானத்துக்காரர். வாரம் தவறாமல் வருவார்.

“முதலாளி, நேத்து தோப்புக்குப் போனேன். மரமெல்லாம் ஒங்களத்தான் கேட்டுச்சு.”

“நெசமாவா?”

“வேலிதான் சாஞ்சு கெடக்கு. பாத்தா மனசு கஷ்டமாயிருக்கு.”

உடனே வேலிக்கு ஒரு சீட்டு. அடுத்த வாரம் காவலுக்கு ஒரு சீட்டு. அதற்கடுத்து, வேறு யாரோ தோப்பைக் கேட்கிறார்களாம், அவர்களைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு ஒரு சீட்டு. தோப்பு வந்தபாடில்லை. அல்லா பிச்சைதான் வந்துகொண்டிருந்தார்.

அதனால்தான் அந்த முடிவு. மத்தியானம் கட்டிலிலிருந்து எழுந்துவந்த பீர் மைதீன், விரலிலிருந்து முத்திரை மோதிரத்தைக் கழற்றி மனைவி கையில் வைத்தார்.

“இந்தா புள்ள, இதப் பத்திரமா வச்சுக்க. யாரு கேட்டாலும் குடுக்காத. ஏன், நானே அழுது கேட்டாலும் குடுக்காத.”

“எதுக்கு மச்சான்?”

“மோதிரம் இல்லேன்னா சீட்டு இல்ல. சீட்டு இல்லேன்னா குறை இல்ல. குறை இல்லேன்னா அந்த ஆளு இல்ல. பஞ்சுப் பணம் பூரா கணக்குல ஏறட்டும். மொத்தமா தோப்ப வாங்கிருவோம். எப்படி நம்ம ஏற்பாடு?”

“நான் சீட்டு குத்திட்டா?”

பீர் மைதீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நீ எதுக்குக் குத்தப்போற? புளிக்கும் மொளகாய்க்குமா?”

ஹபீபுன்னிசா மோதிரத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதன் பிறகு வந்த நாட்கள் பீர் மைதீனுக்குச் சொர்க்கம். தவசிமுத்து வந்தார். “மோதிரம் வீட்டுக்காரிகிட்ட இருக்கு” என்று சொல்லிவிட்டு பீர் மைதீன் மாடியேறினார். கீழே வாசல் திரைக்கு இந்தப் பக்கம் தவசிமுத்துவும் அந்தப் பக்கம் ஹபீபுன்னிசாவும் என்னவோ பேசுகிற சத்தம் கேட்டது. பேசட்டும்! அவளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கட்டும்! அவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக் கிடந்தார். கணக்கில் பணம் கண்மாயில் தண்ணீர் ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான்.

ஒரு காலையில் வாசலில் செருப்புச் சத்தம்.

“சலாமலைக்கும் முதலாளி!” கக்கத்தில் பாயோடு அல்லா பிச்சை நின்றார்.

“ஏன் வந்தீரு? எங் கணக்குல பணம் நெறஞ்சு கெடக்கே!”

“நெறஞ்சு கெடந்துச்சுதான் முதலாளி. நேத்து வழிச்சு எடுத்துட்டாக. மேக்கொண்டும் குறை விழுந்திருக்கு.”

பீர் மைதீன் அடுப்படிக்கு ஓடினார். “ஏட்டி! என்ன செஞ்ச?”

“தோப்பு வாங்கிட்டேன்.”

“எந்தத் தோப்பு?”

“ஒங்க தோப்புதான். மாந்தோப்பு.”

கோபமா வந்தது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனுஷனுக்கு. “எப்பம்மா? எப்படி?”

“நீங்க மாடியில கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குனீகளே, அப்ப. எங்க அண்ணன் கூண்டு வண்டி கொண்டாந்தாரு. போயிப் பதிஞ்சுட்டு வந்துட்டேன். வேலி, காவல்னு அந்த மனுசன் வாங்குனதயெல்லாம் கழிச்சுத்தான் பேசுனேன். அழுதுக்கிட்டே ஒத்துக்கிட்டாரு.”

“யாரு பேருல?”

“மோதிரம் யாருகிட்ட இருக்கோ, அவுக பேருல.”

போகட்டும். பேரில் என்ன இருக்கிறது? நிழல் யார் படுத்தாலும் நிழல்தானே. “அப்ப ஒரு கட்டில் வாங்கிப் போட்டிரணும் புள்ள. பெரிய மரத்தடியில.”

“போட்டாச்சு. அல்லா பிச்சை அண்ணனுக்கு.”

“என்னது?”

“அவரு நம்ம எடத்துலதான உக்காரணும்? அதுவும் நம்ம எடந்தான. முத்தத்துல உக்காந்தா சும்மா உக்காந்திருப்பாரு. தோப்புல உக்காந்தா அதுக்குப் பேரு காவல். சம்பளம் கெடையாது, சோறு மட்டுந்தான்.”

“தண்ணி பாச்ச? பாத்தி கட்ட?”

“அவரு துரும்பத் தொடமாட்டாரே. தோப்புக்கு ஆசப்பட்டவுக யாரு?”

செவ்வாயும் சனியும் அரிசி பருப்போடு வண்டியேறினார் பீர் மைதீன். கனவில் பார்த்த தோப்பு அச்சு அசலாக அப்படியே இருந்தது. ஓடை ஓடியது. இலை அசைந்தது. மேகம் மலையில் இறங்கிற்று. பெரிய மரத்தடியில் கட்டில், கட்டிலில் அல்லா பிச்சை. பீர் மைதீன் கையில் மண்வெட்டி.

“அந்தக் கோடி மரத்துக்குத் தண்ணி எட்டல முதலாளி,” என்பார் அல்லா பிச்சை, அன்பாக.

“செத்த நேரம் எந்திரிங்களேன் அண்ணே. நான் கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்.”

“ஐயையோ, உக்காரத்தான முதலாளி எனக்குக் கட்டளை! எந்திரிச்சேன்னு தெரிஞ்சா பிள்ளை வேலய விட்டு எடுத்திருவாரு. எனக்குப் பொம்பளப் புள்ளைக நாலு இருக்கு.”

வீட்டுக்கு வந்து மோதிரத்தைக் கேட்டுப் பார்த்தார். “அழுது கேட்டாலும் குடுக்காதன்னு நீங்கதான சொன்னீக?” என்றாள் ஹபீபுன்னிசா. நிஜமாகவே அழுதும் பார்த்தார். அவள் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். முடிச்சு மூக்கில் இடித்தது.

வழி ஒன்றுதான். குறையைத் தீர்க்கணும். தீர்ந்தால் அல்லா பிச்சை போயாகணும். அல்லா பிச்சை போனால் கட்டில் காலி! பீர் மைதீன் மாடிக்கே போகவில்லை. விடிந்ததும் கிட்டங்கி, பொழுது சாய்ந்தும் கிட்டங்கி. மூட்டை மூட்டையாக விற்றார். இப்படி உழைக்கிற பீர் மைதீனை ராஜபாளையம் அதுவரை பார்த்ததில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை மடி நிறையப் பணத்தைக் கட்டிக்கொண்டார்.

“இன்னைக்குக் குறையத் தீத்துட்டு வாரேன் புள்ள!”

“மகராசனா தீத்துட்டு வாங்க மச்சான்,” என்று ஹபீபுன்னிசா சந்தோஷமாக வழியனுப்பினாள்.

தேரடியில் பிள்ளை பணத்தை வாங்கிக்கொண்டு சிரித்தார். அங்கிருந்து பீர் மைதீன் வண்டியைப் பறக்கவிட்டார். சேதி கேட்டதும் அல்லா பிச்சை எழுந்தார், பாயைச் சுருட்டினார், சலாம் சொன்னார், போய்விட்டார்.

கட்டில் காலி.

பீர் மைதீன் மெதுவாக உட்கார்ந்தார். மெதுவாகச் சாய்ந்தார். கயிறு ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது. மேலே இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக வானம். பூவாசம் வந்தது. ஓடைச் சத்தம் காதுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருந்தது. யா அல்லாஹ், இதற்குத்தானே இத்தனை பாடு! உடம்பில் கனமே இல்லை. மேகத்தோடு மேகமாக மலையேறிக்கொண்டிருந்தார். கண் சொருகியது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாரோ, முகத்தில் நிழல் விழுந்தது.

கக்கத்தில் பாயோடு அல்லா பிச்சை நின்றுகொண்டிருந்தார்.

“செத்த எந்திரிங்க முதலாளி. தங்கச்சி சீட்டு குத்திப் பக்கத்துத் தோப்பையும் வாங்கிருச்சு.”