ருஸ்தம் மாற்றிப் போட்ட கம்பளம்

பெண்டாட்டியின் சீதனக் கம்பளத்தை விற்று டிராக்டர் வாங்கக் கிளம்பிய வீரனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? துருக்கியில், கொன்யா நகரத்துப் பக்கத்து மேட்டுக் கிராமம் ஒன்றில் இருந்தான். பெயர் ருஸ்தம்.

கம்பளம் அவன் மனைவி குல்சுமின் தாய்வழிச் சொத்து. எத்தனையோ கால்கள் மிதித்தும் அதன் சிவப்பு மெருகேறித்தான் இருந்தது. பழைய கம்பளம் சேர்க்கும் இஸ்தான்புல்காரர் நெஜாத் அதைப் பார்த்ததும், கையிலிருந்த தேநீரை மறந்து மண்டி போட்டார்.

"டிராக்டர் விலை தர்றேன்!"

"என் உசிரு போனப்புறம் வாங்க," என்றாள் குல்சும்.

"இந்த வீட்டுல ஆம்பளை யாருடி?" என்று ருஸ்தம் எகிறினான்.

"கல்யாணம் ஆனதுலேருந்து அதைத்தான் நானும் தேடுறேன்."

விடுவானா? அச்சு அசலாக ஒன்று நெய்யவைத்து, தேநீரில் ஊறப்போட்டுப் பழசாக்கி, மாற்றி விரித்துவிடுவது என்று சபதம் போட்டான். அந்த ஊரில் தறியில் முடிச்சுப் போடுவது பெண்கள் மட்டும்தான். பக்கத்து வீட்டு தோந்துவிடம் போனான்.

"அக்கா, குல்சும்கிட்ட மூச்சு விடக்கூடாது."

"என் வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சு தம்பி!"

குளிர்காலம் முழுக்க, தங்கச்சி குழந்தையைப் பார்க்கப் போவதாகச் சொல்லி குல்சும் தினமும் கிளம்பினாள். "நிதானமா வா கண்ணு," என்று ருஸ்தம் வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

பனி உருகியது. குல்சும் ரொட்டி சுடப் போன நேரம், வீட்டுக் கம்பளத்தைச் சுருட்டினான். தோந்து கொடுத்ததைத் தூக்கிவந்து விரித்தான். அவனுக்கே வித்தியாசம் தெரியவில்லை!

டீக்கடையில் காத்திருந்த நெஜாத், ருஸ்தம் சுருட்டிக் கொண்டுவந்த கம்பளத்தின் பின்பக்கத்தைப் புரட்டினார். முடிச்சுகளைத் தடவினார். மோந்தார்.

"என்னய்யா, தேயிலை வாசனை அடிக்குது? இது புதுசு!"

ருஸ்தம் வீட்டுக்கு ஓடினான். குல்சும் கம்பளத்தில் உட்கார்ந்து பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா வீட்டுப் பூவேலை தோந்து அக்காவுக்கு எப்படி வரும்? என்கிட்டதான் வந்து நின்னாங்க. அவங்க தறியில நான்தான் நெய்ஞ்சேன். நேத்தே புதுசை இங்க விரிச்சுட்டு, பழசை அங்க வெச்சேன். இன்னைக்கு அதை நீங்களே தூக்கிட்டு வந்து போட்டுட்டீங்க."

"புருஷனையே ஏமாத்துறியா?"

"நீங்க ஆரம்பிச்சீங்க. நான் முடிச்சேன்."

அதற்குள் நெஜாத் மூச்சிரைக்க வந்து நின்றார். "தாயி, புதுசோ பழசோ, இந்தக் கை யாருக்கும் வராது. எனக்கு ஒண்ணு நெய்ஞ்சு தருவீங்களா?"

"தாராளமா ஐயா," என்ற குல்சும் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நான் தறியில உட்கார்ந்துட்டா ஆடு, அடுப்பு, ரொட்டி எல்லாத்தையும் கொஞ்சம் நீங்க பாத்துக்குங்களேன்!"