ஒரு வருஷம் பொறுத்துப் பள்ளிக்கூடம்

தையல்காரியின் மகள் சிட்டுக்கு ஐந்து வயது நிரம்பியது. அரசாங்கத்தின் கண்ணுக்கு அவள் அன்றே மாணவி ஆகிவிட்டாள். பெற்றவள் கண்ணுக்குத்தான் இன்னும் குழந்தையாகவே தெரிந்தாள். மத்தியானமானால் தையல் மிஷின் பக்கத்தில் துண்டுத்துணிக் குவியலில் சுருண்டு தூங்குவாள். புது முகத்தைக் கண்டால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

"ஒரு வருஷம் கழிச்சுச் சேர்த்தா உலகம் முழுகிடுமா?" என்று தையல்காரி கல்வி அலுவலகத்துப் படி ஏறினாள்.

அங்கிருந்த அதிகாரி கனிவானவர். மறுப்பதைக்கூடச் சிரித்த முகத்தோடுதான் மறுப்பார்.

"குழந்தைக்குப் பக்குவம் வரலைன்னு யாரும்மா சொன்னது?"

"நான்தான் சார். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"நீங்க வேண்டப்பட்டவங்க. உங்க சாட்சி செல்லாது. குழந்தையே சொல்லணும்."

சிட்டு வரவழைக்கப்பட்டாள்.

"பாப்பா, உனக்குப் பக்குவம் வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல" என்றது அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அதிகாரி பூரித்துப்போனார். "பாத்தீங்களா! தன் குறையைத் தானே உணருது. இந்தப் பக்குவம் எத்தனை பெரியவங்களுக்கு இருக்கு?"

"அவ வாயே திறக்காம இருந்திருந்தா?"

"வகுப்புக்கு வேண்டியதே அதுதானேம்மா!"

தையல்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் விடவில்லை. மேலதிகாரியிடம் முறையிட்டாள். 'தங்கள் கோரிக்கை தீவிரப் பரிசீலனையில் உள்ளது. முடிவாகும்வரை குழந்தையைப் பள்ளியில் சேர்க்கலாகாது' என்று பதில் வந்தது.

பரிசீலனை ஒரு வருஷம் நடந்தது. அதற்குள் சிட்டு தூக்கத்தைக் குறைத்தாள். வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசினாள். ஒருநாள் அவளே, "அம்மா, நான் எப்ப பள்ளிக்கூடம் போறது?" என்று கேட்டாள். தையல்காரிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மகளுக்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டு, கையைப் பிடித்துக் கல்வி அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள்.

அன்றைக்கென்று பார்த்து முடிவும் வந்து சேர்ந்திருந்தது.

"உங்க கோரிக்கை நிராகரிக்கப்பட்டதும்மா" என்றார் அதிகாரி, சிரித்துக்கொண்டே. "ஆகவே குழந்தை போன வருஷமே சேர்ந்ததாகக் கருதப்படுது. நேரா ரெண்டாம் வகுப்பு."

"ஐயோ சார், அவளுக்கு 'அ' கூடத் தெரியாதே!"

"அதெல்லாம் போன வருஷமே சொல்லிக்கொடுத்தாச்சும்மா."

மகளை இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி அவள் வீடு திரும்பினாள். வாசலில் தெருவே காத்திருந்தது.

"உங்க பொண்ணு நேரா ரெண்டாவதாமே! யாரைப் பாத்தீங்க? எங்களுக்கும் சொல்லுங்க!"

"அது தண்டனைங்க! என் பிள்ளை அங்க முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா!"

"பாத்தீங்களா, அடுத்தவங்க பிள்ளை முன்னுக்கு வர்றதுல எவ்வளவு வயித்தெரிச்சல்!" என்று சொல்லிக்கொண்டே தெரு மொத்தமும், 'எங்க பிள்ளைக்கும் ஒரு வருஷம் பொறுக்கணும்' என்ற அதே கோரிக்கையோடு கல்வி அலுவலகத்துக்கு ஓடியது.

மறுவருஷம் ஒன்றாம் வகுப்பில் டீச்சர் மட்டும் இருந்தார். இரண்டாம் வகுப்பில் உட்கார இடமில்லை. அத்தனை மேதைகளில் 'அ' தெரிந்தவர் ஒருவரும் இல்லை.