அடுக்களை சொன்னதைத்தான் மாடி சொன்னது

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி-5.
8-3-2007

மதிப்பிற்குரிய சம்பந்தி கிருஷ்ணசாமி அவர்களுக்கு,

அந்த உறவு இன்னும் முறிந்துவிடவில்லை என்ற தைரியத்தில்தான் இப்படி அழைக்கிறேன். கன்னியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி செல்வாம்பாளும் மகள் சிவசங்கரியும் நலம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்த இடத்தில் தங்கள் துணைவியாருக்கு ஏறிய ரத்தக்கொதிப்பு இதற்குள் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

நடந்ததை முறையாக விளக்கிவிட்டால் தாங்களே சிரித்துவிட்டு, வரும் ஞாயிறே வந்து தட்டு மாற்றிக்கொள்வீர்கள். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஏனென்றால் தவறு என் மேலும் இல்லை, கருவி மேலும் இல்லை. சரக்குக் கப்பலில் இருபத்தெட்டு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். என் பொறுப்பில் இருந்த ஹெட்செட் ஒன்றுகூட ஒருநாளும் கெட்டதில்லை.

தாங்கள் அன்று என் கழுத்தில் பார்த்தது கப்பல் டெலிபோன் ஹெட்செட். பெரிய மார்க்கெட் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாவா, உடைத்த கப்பலிலிருந்து வந்த சாமான் என்று எனக்காகவே எடுத்துவைத்த ஜோடி. கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், பேசுகிறவன் குரலிலேயே வேலை செய்யும். மார்பில் ஒரு தகடு, அதில் வாய்க்குழாய், காதுக்கு இரண்டு கிண்ணம், பட்டனை அழுத்தினால் பேச்சு. தாங்கள் பதினோரு பேர் வருகிறீர்கள், கூடத்தில் இடம் போதாது என்று மொட்டை மாடியில் பந்தல் போட்டாயிற்று, செல்வாம்பாளுக்கோ முட்டிவலி, படி ஏற முடியாது. ஆகவே ஒரு செட் அடுக்களையில் அவளுக்கு, இன்னொன்று மாடியில் எனக்கு. காப்பி ரெடி என்று கீழேயிருந்து வந்தது, நானும் காப்பி ரெடி என்றேன், என் மைத்துனர் அம்மாவாசை தட்டோடு ஏறிவந்தார். ஏற்பாடு பிரமாதம் என்று தாங்களே பாராட்டினீர்கள்.

கப்பலில் இதை மாட்டியவனுக்கு ஒரே சட்டம்தான். காதில் விழுந்ததை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, யோசிக்கவே கூடாது. யோசித்தால் நங்கூரம் தப்பான இடத்தில் விழும். ஒருமுறை கப்பல் முனையில் நின்ற அதிகாரி கேப்டனைப் பற்றிச் சொன்னதைக் கேப்டன் எதிரிலேயே திருப்பிச் சொன்னேன். கேப்டன் அந்த அதிகாரியைத்தான் கூப்பிட்டுக் கேட்டார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

சிவசங்கரி வந்து வணங்கிவிட்டுக் கீழே போனாள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று தங்கள் துணைவியார் சொன்னார்கள். வழக்கப்படி அதைக் கீழே அனுப்பினேன். உடனே பதில் வந்தது. வந்ததைச் சொன்னேன்.

"பொண்ணு பாக்க வந்தாங்களா, பந்திக்கு எடம் புடிக்க வந்தாங்களா?"

"மாப்ள வாயில என்னா கொழுக்கட்டையா? எல்லாத்தயும் அவங்க அம்மாவே பேசறாங்க."

"வேலய வுடணும்னா மொதல்ல அவங்க புள்ள வுட்டுட்டு வூட்ல ஒக்காரட்டும்."

மூன்றையும் ஏற்ற இறக்கமில்லாமல், பந்தலின் கடைசி நாற்காலிக்கும் கேட்கும்படி சொன்னேன். மூன்றாவதை முடித்த பிறகுதான் அர்த்தம் எனக்கே உறைத்தது. செட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். செல்வாம்பாள் இன்னொரு செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடுப்பருகே நின்றாள். என்னடி பேசினாய் என்று கேட்டதற்கு, பால் பொங்குகிறது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரம் மாடியில் தங்கள் மைத்துனர் என் செட்டை ஒயரைப் பிடித்துத் தூக்கித் தரையில் போட்டிருக்கிறார். கோபம் நியாயம்தான், ஒயரைப் பிடித்துத் தூக்கியது நியாயமில்லை, உள்ளே கம்பி அறுந்துபோகும். கழற்றியதும் பிளக்கை உருவ வேண்டும், வாய்க்குழாயை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், ஒயரை வளையம் வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்ட வேண்டும். அவசரத்தில் நான் பிளக்கை உருவவில்லை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உருவாவிட்டால் காதுக் கிண்ணமே வாயாகவும் வேலை செய்யும். வீடா இது தீப்பெட்டி என்றும், அந்த ஆளுக்கு மண்டை குழம்பிவிட்டது என்றும் தாங்கள் பேசியதெல்லாம் அடுக்களையில் தெளிவாகக் கேட்டது. நான் பெரிது பண்ணவில்லை. ஆக இரண்டு பக்கமும் சரிசமம்.

செல்வாம்பாளை நான்கு நாளாகக் கண்டித்து வருகிறேன். ஆயிரம் குரலுக்கு நடுவிலும் அவள் குரல் எனக்குத் தெரியும், ஆகவே வேறு யாரையும் சந்தேகிக்க வேண்டாம். சிவசங்கரி கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடுவாள், அதற்கு நான் பொறுப்பு. மாப்பிள்ளை விஜய்க்கு என் ஆசிகள். தங்கள் துணைவியாருக்கும், ஒயரைத் தவிர மற்ற விஷயங்களில் தங்கள் மைத்துனருக்கும், என் மரியாதைகள்.

ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்க்கும்,
கன்னியப்பன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் சிவசங்கரி இதை வாங்கிப் படித்தாள். காது வலிக்கிறது என்று செல்வாம்பாள் அன்று செட்டை அவளிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போயிருந்தாளாம். பேசியவள் சிவசங்கரி; நான் படி இறங்குவதற்குள் செல்வாம்பாள் திரும்பி வந்து செட்டை வாங்கி மாட்டிக்கொண்டாளாம். எதைச் சொன்னாலும் நான் திருப்பிச் சொல்வேன் என்று தெரிந்தேதான் சொன்னாளாம். மகளைக் காட்டிக்கொடுக்காமல் நான்கு நாளாக என் வசவையெல்லாம் செல்வாம்பாள் வாங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. "வேலய வுட மாட்டேன்னு நேர்ல மூணு வாட்டி சொன்னேம்பா, அப்பறம் பாக்கலாம்னுட்ட. அந்த மிஷின்ல சொன்னாதான் நீ காதுல வாங்கற" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும், ஹெட்செட் பராமரிப்பு மட்டும் சரி. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். இந்த இடம் வேண்டாம் என்கிறாள் என் மகள். நானும் அதையே சொல்கிறேன்.